சென்னை – லண்டன்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? உங்கள் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போடலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்தால், பெற்றோர் இன்டர்நெட்டில் தேடும் முதல் சில விஷயங்களில் இதுவும் ஒன்று. "சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்? விமானத்தில் போக எத்தனை மணி நேரம்?" கூகுளில் டைப் செய்து என்டர் தட்டினால் விடை உடனே வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்கு நான்கு விடைகள் வரும். ஓரிடத்தில் 8,234 என்று இருக்கும். இன்னோரிடத்தில் 5,117. வேறொரு தளத்தில் 4,446. நேரமும் அப்படித்தான். ஒரு தளம் பத்து மணி நேரம் என்கிறது, இன்னொன்று பதினொன்று என்கிறது. டிக்கெட் விற்கும் தளத்தைத் திறந்தால் பதினைந்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எது சரி என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், "எல்லாமே சரிதான்" என்பது. கேட்பவருக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான். ஏன் என்று இந்தக் கட்டுரையில் பார்த்துவிடலாம். இதற்காக எந்த சாப்ட்வேரையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். விண்டோஸுடன் இலவசமாக வரும் கால்குலேட்டரே போதும்.

முதலில் அந்த மூன்று எண்களை முடித்துவிடுவோம். 8,234 என்பது கிலோமீட்டர். 5,117 என்பது அமெரிக்கர்கள் பயன்படுத்தும் மைல். ஒரு மைல் என்பது 1.609 கிலோமீட்டர். 4,446 என்பது கடல் மைல். கப்பல்காரர்களும் விமானிகளும் இதில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், மூன்றும் ஒரே தூரம். எனவே எந்த வெப்சைட்டில் தூரத்தைப் பார்த்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகளை முதலில் பாருங்கள்.

நேர்கோடு நேராக இருக்காது

தூரம் என்றால் எந்த வழியில் என்ற கேள்வி வருகிறது. சாலையாக இருந்தால் வழி தெரியும். ஆகாயத்தில் சாலை ஏது? அதனால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி எதுவோ அதைத்தான் 'விமான தூரம்' என்று எல்லாத் தளங்களும் தருகின்றன.

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துச் சென்னையையும் லண்டனையும் இணைத்தால், கோடு அரபிக் கடல், சவுதி அரேபியா என்று போவது போலத் தோன்றும். அது குறுகிய வழி அல்ல. உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் விரித்ததால் வந்த கோளாறு அது. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனை, லண்டனில் ஒரு முனை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே நழுவி வடக்குப் பக்கமாக வளைந்து நிற்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் 'பெருவட்டம்' என்பார்கள். ஆங்கிலத்தில் கிரேட் சர்க்கிள். உருண்டை இல்லாதவர்கள் ஒரு சாத்துக்குடியில் இரண்டு புள்ளி வைத்தும் பார்க்கலாம்.

கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டுமானால் கூகுள் எர்த் இருக்கிறது. முன்பு பணம் கட்டிப் பயன்படுத்த வேண்டியிருந்த கூகுள் எர்த் ப்ரோ 2015ஆம் ஆண்டிலிருந்து இலவசம். அதை இன்ஸ்டால் செய்து திறந்தால் மேலே டூல்பாரில் ஸ்கேல் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கும். அதன் பெயர் ரூலர். அதை கிளிக் செய்து, சென்னை விமான நிலையத்தின் மீது ஒரு கிளிக், லண்டன் ஹீத்ரோ மீது ஒரு கிளிக். அவ்வளவுதான். கோடும் வரும், தூரமும் வரும். அந்தக் கோட்டின் மேல் மவுஸைக் கொண்டு போய் எந்தெந்த ஊர் வருகிறது என்று பாருங்கள். மகாராஷ்டிரா, குஜராத்தின் கட்ச், பாகிஸ்தானின் பலுசிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடலின் தென்கோடி, ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்கு அருகில், பிறகு அசோவ் கடல், உக்ரைன், செக் குடியரசு, ஜெர்மனி, நெதர்லாந்து, கடைசியாக லண்டன். சவுதி அரேபியா வரவே இல்லை!

இந்தப் பட்டியலில் உள்ள சில நாடுகளின் பெயரைப் பார்த்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கால்குலேட்டரில் கணக்கு

யாரோ சொன்ன தூரத்தை நம்புவதைவிட நாமே போட்டுப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த சைன், காஸ் இவ்வளவுதான் தேவை. மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, பட்டனை அழுத்தத் தெரிந்தால் போதும்.

முதலில் இரண்டு ஊர்களும் பூமியில் எங்கே இருக்கின்றன என்று எண்ணாகத் தெரிய வேண்டும். கூகுள் மேப்ஸைத் திறந்து சென்னை விமான நிலையத்தின் மீது ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவின் முதல் வரியிலேயே இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அட்சரேகை, அதாவது பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே என்பது. இரண்டாவது தீர்க்கரேகை, அதாவது கிரீன்விச்சிலிருந்து எத்தனை டிகிரி கிழக்கே என்பது. சென்னைக்கு 12.99, 80.17 என்று வைத்துக்கொள்ளலாம். இதேபோல் லண்டன் ஹீத்ரோவுக்கு 51.47, –0.45. முன்னால் உள்ள மைனஸ் குறியைப் பார்த்து ஏதோ தவறு என்று நினைக்க வேண்டாம். ஹீத்ரோ கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் மைனஸ்.

தீர்க்கரேகை வித்தியாசத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 80.17-இலிருந்து மைனஸ் 0.45-ஐக் கழித்தால், கழித்தலும் மைனஸும் சேர்ந்து கூட்டலாகிவிடும். எனவே 80.62.

இப்போது ஸ்டார்ட் மெனுவில் கால்குலேட்டரைத் திறங்கள். இடது மேல் மூலையில் மூன்று கோடுகள் போட்ட பட்டனை கிளிக் செய்து 'சயின்டிபிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது பட்டன்கள் அதிகமாகிவிடும். கோணத்தின் அளவு 'டிகிரி' என்ற நிலையில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். அது 'ரேடியன்' என்ற நிலையில் இருந்தால் விடை ஏறுக்குமாறாக வரும். சைன், காஸ் பட்டன்கள் 'ட்ரிகனாமெட்ரி' என்ற சிறு பட்டியலுக்குள் இருக்கின்றன. எண்ணை முதலில் அடித்து, பிறகு அந்தப் பட்டனை அழுத்த வேண்டும்.

முதல் பெருக்கல்: 12.99-இன் சைனை 51.47-இன் சைனால் பெருக்குங்கள். 0.1758 வரும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பெருக்கல்: 12.99-இன் காஸ், 51.47-இன் காஸ், 80.62-இன் காஸ், மூன்றையும் பெருக்குங்கள். 0.0989 வரும்.

இரண்டையும் கூட்டினால் 0.2747. இந்த எண்ணை எந்தக் கோணத்தின் காஸ் தரும் என்று கேட்க வேண்டும். ட்ரிகனாமெட்ரி பட்டியலில் 'செகண்ட்' என்ற பட்டனை அழுத்தினால் காஸ் பட்டன் தலைகீழ் காஸாக மாறும். அதை அழுத்துங்கள். 74.05 டிகிரி வரும். (நான்கு தசமம் மட்டும் எழுதி அடித்தால் கடைசி இலக்கம் ஒன்றிரண்டு மாறலாம். அதனால் மோசமில்லை.)

அதாவது பூமியின் மையத்தில் நின்று சென்னையையும் லண்டனையும் இரண்டு கைகளால் சுட்டிக்காட்டினால், இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள கோணம் 74.05 டிகிரி. கிட்டத்தட்ட செங்கோணத்துக்குப் பக்கம்! பூமியைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டால் சுமார் 40,030 கிலோமீட்டர். அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். 74.05-ஐ 111.2-ஆல் பெருக்கினால் 8,234. வந்துவிட்டதா?

கடல் மைல் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பாகைக்கலை. அந்தக் காலத்து மாலுமிகள் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்று வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கிலோமீட்டரில் முழு எண்ணாக இல்லாமல் 1.852 என்று இருக்கிறது. 74.05-ஐ 60-ஆல் பெருக்கிப் பாருங்கள், மேலே சொன்ன 4,446-க்கு மிக அருகில் வரும்.

பூமி சரியான உருண்டை அல்ல. துருவத்தில் கொஞ்சம் தட்டை. அதனால் இந்தக் கணக்கில் சில கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். டிக்கெட் எடுப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

நேரம் ஏன் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று?

தூரம் கிடைத்தது. பெரிய ஜெட் விமானங்கள் மேலே ஏறிய பிறகு மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 8,234-ஐ 900-ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் லண்டன் போகும்போது பதினொரு மணி நேரத்தை ஒட்டியும், வரும்போது பத்து மணி நேரத்தை ஒட்டியும் இருக்கும். ஒரே தூரம், ஒரே மாதிரி விமானம். அப்படியிருந்தும் ஒரு மணி நேரம் வித்தியாசம்!

"பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, அதனால்தான் மேற்கே போகும்போதும் கிழக்கே வரும்போதும் நேரம் மாறுகிறது" என்று படித்தவர்கள்கூட அடித்துச் சொல்வார்கள். இது தவறு. பூமி சுற்றும்போது அதைச் சூழ்ந்த காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது. சென்னை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கிழக்கே சுழன்றுகொண்டிருக்கிறது. நீங்கள் மொட்டை மாடியில் நின்று குதித்தால் பக்கத்து ஊரில் போய் விழுவதில்லை அல்லவா? விமானமும் அப்படித்தான்.

உண்மைக் காரணம் காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஆறு போல ஓடுகிறது. இதற்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். 1920களில் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தார். உலகமே படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ என்ற உலகப் பொதுமொழியில் அறிக்கை எழுதினார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் வெளியுலகில் அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர்தான். நல்ல விஷயமானாலும் நாலு பேர் படிக்கும் மொழியில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது!

ஆற்றில் நீரோட்டத்தோடு படகு விட்டால் சீக்கிரம் போகலாம், எதிர்த்து விட்டால் தாமதமாகும். அதே கணக்குதான். லண்டன் போகும்போது சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 840 ஆகிவிடும். 9 மணி 48 நிமிடம் ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். வேகம் 960, நேரம் 8 மணி 35 நிமிடம். இந்த 60 என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது. காற்று தினமும் மாறும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும்.

காற்று மனது வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2020 பிப்ரவரியில் 'சியாரா' புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கட்டத்தில் தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. விமானம் தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, ஆறுதான் வெள்ளமாக ஓடியது.

இன்னொரு உதாரணம் நமக்கு நெருக்கமானது. ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் பக்கமாகத் திருப்பினார்கள். தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் அதிகம், மொத்தம் ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். ஆனால் பின்காற்றின் தயவால் பதினான்கரை மணி நேரத்திலேயே போய்ச் சேர்ந்தது. சுற்றிப் போனதில் நேரம் மிச்சம்! ஆக, குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம் என்று எப்போதும் சொல்ல முடியாது.

சென்னை – லண்டன் கணக்குக்கு வருவோம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, இறங்கியபின் நிற்கும் இடத்துக்கு வருவது இவற்றுக்காக ஒரு 40 நிமிடம் கூட்டுங்கள். போக 10 மணி 28 நிமிடம், வர 9 மணி 15 நிமிடம். டிக்கெட்டில் உள்ளதைவிட இன்னும் அரை மணி நேரம் குறைகிறது. அந்த அரை மணி எங்கே?

மூடிய வானம்

இப்போது கூகுள் எர்த்தில் பார்த்த நாடுகளின் பட்டியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உக்ரைன் வான்வழி 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அங்கே அதற்கு முன்பே, 2014 ஜூலை 17 அன்று, மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த துயரம் நடந்தது. பாகிஸ்தான் 2019 பிப்ரவரியில் தன் வான்வழியை மூடி ஜூலையில் திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடியது. ஈரான் பகுதியில் பதற்றம் வரும்போதெல்லாம் விமானங்கள் ஒதுங்கிப் போகின்றன. எனவே நாம் கணக்கிட்ட அழகான பெருவட்டத்தில் எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லை. 500 கிலோமீட்டர் சுற்றினால் போதும், அரை மணி நேரம் கூடிவிடும். நாம் தேடிய அரை மணி இதுதான்.

இதைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது பின்லாந்து. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யா மீது பறந்தால் சுமார் ஒன்பது மணி நேரம். 2022இல் ரஷ்ய வான்வழி மூடப்பட்ட பிறகு வடதுருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. தூரம் கணக்கிடும் வெப்சைட்டுகளில் மட்டும் பழைய தூரமே இருக்கும். அவை உருண்டையை அளக்கின்றன, உலகத்தை அல்ல.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பது எப்படி?

பணம் போகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. சென்னையில் காலை 5.30-க்குப் புறப்பட்டு லண்டனில் காலை 11.00-க்குச் சேரும் என்று இருந்தால், பயணம் ஐந்தரை மணி நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறது. அதையும் கூட்டினால் 11 மணி நேரம். திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு. லண்டனில் மதியம் 2 மணிக்குப் புறப்பட்டால், அப்போது நமக்கு இரவு 7.30. பத்து மணி நேரம் கூட்டினால் மறுநாள் காலை 5.30. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று பொடியாகப் போட்டிருப்பார்கள். மறுநாள் என்று பொருள்.

இதில் இன்னொரு கொக்கி. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். அமெரிக்காவில் தள்ளி வைக்கும் தேதிகளே வேறு, மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். டாஸ்க்பாரின் வலது கோடியில் உள்ள கடிகாரத்தின் மீது ரைட் கிளிக் செய்து, தேதி – நேரத்தை மாற்றும் பகுதிக்குப் போங்கள். அங்கே 'அடிஷனல் கிளாக்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்து, கடிகாரத்தைக் காட்டு என்ற கட்டத்தில் டிக் செய்து, ஊரைத் தேர்ந்தெடுங்கள். லண்டனுக்கு 'டப்ளின், எடின்பர்க், லிஸ்பன், லண்டன்' என்று நான்கு ஊர் சேர்ந்த வரியைத்தான் எடுக்க வேண்டும். அதே பூஜ்ய நேரத்தில் வேறு வரிகளும் இருக்கின்றன. அவற்றில் கோடைகால மாற்றம் வராது. 'மகள் வீடு' என்று பெயர்கூடக் கொடுக்கலாம். இனிமேல் டாஸ்க்பார் கடிகாரத்தில் இரண்டு நேரமும் தெரியும். அங்கே நள்ளிரவு இரண்டு மணி என்று தெரிந்துகொண்டே போன் போட மாட்டீர்கள் அல்லவா?

எக்செல் வைத்திருப்பவர்கள் கணக்கை அதிலேயே போடலாம். ஒரு செல்லில் புறப்படும் தேதியும் நேரமும், அடுத்த செல்லில் சேரும் தேதியும் நேரமும் டைப் செய்யுங்கள். மூன்றாவது செல்லில் சம அடையாளம் போட்டு, சேரும் நேரத்தை கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, புறப்படும் நேரத்தை கிளிக் செய்து, பிறகு +5.5/24 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 24-ஆல் வகுப்பது எதற்கு? எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. ஒரு மணி நேரம் என்பது அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. விடை 0.4583 என்று விசித்திரமாக வந்தால் பயப்படாதீர்கள். அதை 24-ஆல் பெருக்கினால் 11 மணி நேரம். கோடை என்றால் 5.5-க்குப் பதில் 4.5. திரும்பி வரும் பயணத்துக்குக் கூட்டலுக்குப் பதில் கழித்தல்.

தேதியையும் கட்டாயம் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் புறப்படுபவை. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மகன் அனுப்பிய டிக்கெட்டில் 14ஆம் தேதி 00.40 என்று இருந்தது. அவர் 14ஆம் தேதி இரவு உறவினர்கள் புடைசூழ, ஊறுகாய் பாட்டில் சகிதம் விமான நிலையத்துக்குப் போனார். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 00.40 என்றால் 13ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய விமானம். புது டிக்கெட்டுக்கு மகன் கொடுத்த பணத்தில் ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கியிருக்கலாம். அவருடைய பேரன் பேத்திகளைப் பார்க்கும் பயணம் ஒன்பது நாள் தள்ளிப்போனதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். டிக்கெட் கைக்கு வந்ததும் '13ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதி பிரிட்ஜில் ஒட்டுங்கள். கம்ப்யூட்டரைவிட அது பல சமயம் நம்பகமானது.

வழியில் ஓர் ஊர் நின்று போனால்?

டிக்கெட் தளத்தில் பதினைந்து மணி நேரம் என்று வந்தது இதனால்தான். வழியில் ஓர் ஊரில் இறங்கி விமானம் மாறும் நேரமும் அதில் சேர்ந்திருக்கிறது. துபாய் வழியாகப் போவது பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். நம் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சென்னை – துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், துபாய் – லண்டன் சுமார் 5,500. கூட்டினால் 8,430. நேர் வழியைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம்! பறக்கும் நேரம் கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. இன்னொரு முறை இறங்கி ஏறுவதற்கு ஒரு முக்கால் மணி. மிச்சமெல்லாம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். எனவே இரண்டு டிக்கெட்டுகளை ஒப்பிடும்போது மொத்த நேரத்தை மட்டும் பார்க்காமல், நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு என்று பாருங்கள். முதல் முறை தனியாகப் போகும் அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு ஆபத்து, எட்டு மணி நேரம் தண்டனை. மூன்று மணி நேரம் என்பது என் கணக்கில் நிம்மதியானது.

சில சமயம் விலை மலிவு என்று சிங்கப்பூர் வழியாகவும் டிக்கெட் காட்டும். சிங்கப்பூர் எதிர்த் திசை. சென்னையிலிருந்து அங்கே போய்த் திரும்பி லண்டன் போனால் மொத்தம் சுமார் 13,800 கிலோமீட்டர். மிச்சமாகும் பணம் எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள், வயதானவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

இன்னொன்றும் முக்கியம். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். டிக்கெட் விற்கும் தளங்களில் இதைச் 'செல்ப் டிரான்ஸ்பர்' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

பயணம் தொடங்கிய பிறகு விமானம் எங்கே பறக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ப்ளைட்ராடார்24 என்ற தளத்தில் விமானத்தின் எண்ணை டைப் செய்தால் உலகப் படத்தில் சின்ன மஞ்சள் விமானம் நகர்வது தெரியும். சுவீடனைச் சேர்ந்த இரண்டு ஆர்வலர்கள் 2006இல் பொழுதுபோக்காகத் தொடங்கியது இது. விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே போகின்றன. உலகமெங்கும் தன்னார்வலர்களும் மற்றவர்களும் வைத்திருக்கும் கருவிகள் அதைக் கேட்டு அனுப்புகின்றன. கடல், பாலைவனம் போன்ற இடங்களில் கருவி இல்லாததால் சில நேரம் விமானம் படத்திலிருந்து மறைந்துவிடும், அல்லது உத்தேசமான இடத்தில் காட்டும். பதற வேண்டாம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் வந்துவிடும். எந்த நாட்டைச் சுற்றிப் போகிறது, எதிர்க்காற்றில் வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதெல்லாம் இப்போது உங்களுக்கே புரியும். அதில் காட்டும் சேரும் நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால் விமான நிலைய வாசலில் இரண்டு மணி நேரம் கொசுக்கடியில் நிற்க வேண்டியதில்லை. விமானம் தரையிறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது என்று வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால்குலேட்டரை மூடுவதற்கு முன் ஒரு பயிற்சி. சிங்கப்பூர் 1.36, 103.99. நியூயார்க் 40.64, –73.78. தற்போது உலகின் மிக நீண்ட பயணிகள் விமானப் பயணங்களில் இது ஒன்று, பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் சைன், காஸ் இல்லாமலேயே போட்டுவிடலாம். வடதுருவத்தின் வழியாகப் போவதாக வைத்துக்கொண்டு, 180 டிகிரியிலிருந்து இரண்டு அட்சரேகைகளையும் கழித்து 111.2-ஆல் பெருக்குங்கள். 15,345-க்குப் பக்கத்தில் வந்தால் சரி.